கிடையர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்நாடு நான் கட்டிய கற்பனை நாடு. மே மாத விடுமுறையில் காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் பழைய வீட்டில் பங்காளிகளும் பிள்ளைகளும் கூடும்போது, வீட்டின் உள்முற்றமான வளவில் பாய் விரித்து, இரண்டு தாயக்கட்டைகளை வைத்துக்கொண்டு அந்த நாட்டின் கதையை ஆடுவோம். கதை சொல்வது நான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம்: ஒருவர் உப்பு வணிகர், ஒருவர் ஆட்டுக் கிடை மேய்க்கும் கீதாரி, ஒருவர் கிணறு வெட்டுபவர். உவர்நாட்டில் எல்லோருக்கும் மூத்த உயிர்களுக்குக் கிடையர் என்று பெயர். அவர்களைப் பற்றி ஒரே கேள்வியை ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கிடையர் என்பவர் யார்?

ஊருணிக்கு அடியில் கிடப்பவர். ஓர் ஊருக்கு ஓர் ஊருணி, ஓர் ஊருணிக்கு ஒரு கிடையர். முழு உருவத்தைப் பார்த்தவர் எவருமில்லை. கோடையில் நீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடிக்கும்போது பிளவுக்குள் கையை விட்டவர்கள், நனைந்த கருப்பட்டியைப் போல அழுந்துகிற, வெதுவெதுப்பான ஏதோ ஒன்றைத் தொட்டதாகச் சொல்கிறார்கள். அவர் நகர்வதில்லை. எதையும் உண்பதாகவும் தெரியவில்லை.

அவர் செய்வது ஒன்றே ஒன்றுதான். ஊரில் யாராவது ஒரு சொல்லைக் கடைசி முறையாகச் சொல்லிவிட்டால், அந்தச் சொல் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். நீரின் நடுவில் ஒரு வட்டம் எழும், அவ்வளவுதான். பேரப்பிள்ளை யாருக்கும் வைக்காமல் விட்டுப்போன ஒரு பெயராக அது இருக்கலாம். புழக்கடையில் கவிழ்த்துவைத்த ஓர் ஏனத்தின் பெயராகவும் இருக்கலாம். சொன்னவருக்கு அது கடைசி முறை என்று தெரியாது. கரையில் துணி உலர்த்திக்கொண்டிருப்பவர் வட்டத்தைப் பார்த்துவிட்டு, "எதுவோ போயிற்று" என்பார். எது போயிற்று என்று அவராலும் சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு சாதுவான ஒன்று? பறக்கும் நாகம், யாளி என்று ஏதாவது வைத்திருக்கலாமே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பெரும்பாலும் பதினைந்து வயதுக்காரர்களிடமிருந்து. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

செட்டிநாட்டில் எதைத் தொட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்ற கதை கூடவே வரும். தூண், பர்மாத் தேக்கு. தளத்தில் இத்தாலியப் பளிங்கு. கூடத்து நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது. சுவரில் இடுப்பளவுக்குப் பதித்த பூக்கல் ஜப்பானிலிருந்து வந்தது. இவற்றுக்கெல்லாம் கொடுத்த பணம் ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கொழும்பிலும் வட்டிக்கடை வைத்துச் சேர்த்தது. பொருள்களை விடுங்கள், இந்த வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தாரே காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு இங்கே வந்தவர்கள் என்பதுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. வீடுகளை இவ்வளவு உயரமான மேடையின்மேல் ஏன் கட்டினார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாரையாவது கேளுங்கள். அங்கே கடல் புகுந்த பயம் இன்னும் போகவில்லை என்பார். கடலைக் காண வேண்டுமானால் இங்கிருந்து தொண்டிப் பக்கம் போக வேண்டும்! ஆத்தங்குடிக் கல்லாவது நம் ஊருடையது என்று நெஞ்சை நிமிர்த்தலாம். கண்ணாடித் தகட்டின்மேல் சாயத்தை ஊற்றி, உள்ளூர் மணலும் சிமெண்டும் சேர்த்துக் கையால் செய்வது. அதிலும் கண்ணாடியும் சிமெண்டும் சாயமும் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

அப்படியானால் இங்கே வராதது எது? கொல்லைக் கதவைத் திறந்தால் தெரிகிற செம்மண். அதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஒரு நாட்டில் மூத்த உயிர் வேண்டுமென்றால் அது வானத்திலிருந்து இறங்கியிருக்கக் கூடாது, கடலைத் தாண்டியும் வந்திருக்கக் கூடாது. கிடையர் எங்கிருந்தும் வரவில்லை. வந்தவர்கள் நாம். அவருடைய மூப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

யாளியைப் பற்றி: கோயில் தூணில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற அதன் வாய்க்குள் கல்லுருண்டையைச் சுழற்றி விளையாடித்தான் நாங்களெல்லாம் வளர்ந்தோம். எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு. பயம் வராது.

கிடையருக்கு வயது எவ்வளவு?

முதல் ஆண்டு ஆட்டக் குறிப்பேட்டில் "40,000 ஆண்டுகள்" என்று எழுதியிருந்தேன். இப்போது பார்க்க வெட்கமாக இருக்கிறது. கற்பனையில் சுழியம் போடுவதற்குச் செலவே இல்லை. எங்கள் சிவகங்கை மாவட்டத்துக் கீழடி, கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. அது கரித்துண்டை ஆய்ந்து, அளந்து சொன்ன எண். என் 40,000 வெறும் பேனா மை.

அதனால் எண்ணை அடித்துவிட்டு வேறு கணக்கு வைத்தேன். உவர்நாட்டு ஊர்ப் பெயர்கள் நம் ஊர்ப் பெயர்களைப் போலவே மரத்திலிருந்தும் நீரிலிருந்தும் பிறந்தவை. இலுப்பைக்குடி என்று ஓர் ஊர் இருக்கிறது என்றால், அங்குள்ள கிடையருக்கு இலுப்பை முளைக்காத காலம் நினைவிருக்கும். அப்போது அந்த இடத்துக்கு வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை இப்போது அவர் மட்டுமே வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் இருந்த பெயரையும்.

"அவர்" என்பதா, "அது" என்பதா?

உவர்நாட்டிலேயே இது தீராத வழக்கு. ஊருணியில் தண்ணீர் எடுப்பவர்கள் "அவர்" என்கிறார்கள், மண் வெட்டுபவர்கள் "அது" என்கிறார்கள். ஆட்டத்தில் யார் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று கவனித்தாலே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். என் வேடக்காரர்களில் ஒருவர் இரண்டு நாள் "அவர்" என்று சொல்லிவந்து மூன்றாம் நாள் வாய்தவறி "அதை" என்றபோதுதான், ஒற்றன் யார் என்பது வெளிப்பட்டது.

நிலத்தை விட்டு வெளியே எடுத்தால் கல்லாகிவிடுவார் என்கிறீர்களே, அது எப்படி?

இதை நான் கற்பனை செய்யவில்லை, திருடினேன். செம்புறாங்கல்லிடமிருந்து.

எங்கள் பக்கத்துப் பழைய ஊருணிகளின் கரைச்சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? துரு ஏறிய இரும்பின் நிறத்தில், கறையான் அரித்ததுபோல் துளை துளையாக ஒரு கல் இருக்கும். மழையும் வெயிலும் மாறி மாறி நெடுங்காலம் பாறையைத் தின்றதில், கரையக் கூடியதெல்லாம் கரைந்துபோய் இரும்பும் அலுமினியமும் மிஞ்சி உருவானது அது. நிலத்துக்குள் ஈரத்தோடு இருக்கும்வரை மென்மையாகவே இருக்கும். மண்வெட்டியாலேயே பாளமாக அறுத்து எடுத்துவிடலாம். வெளியே எடுத்துக் காற்றிலும் வெயிலிலும் உலரவிட்டால் இறுகத் தொடங்கும். இறுகியபிறகு எத்தனை மழையில் நனைந்தாலும் பழைய மென்மைக்குத் திரும்பாது. மலபார்ப் பக்கத்தில் இதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளியான தம் பயண நூலில், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பெயர் கொடுத்தார். கொத்தனார்களுக்கு அதற்கும் முன்பே எல்லாம் தெரியும்.

எனக்கு இதில் பிடித்தது அந்தத் திரும்பாமைதான். கிடையரை ஒரே ஒரு முறைதான் வெளியே எடுக்க முடியும். எடுத்த கணத்தில் அவர் அழிவதில்லை. மேல்தோல் முதலில் இறுகும், பிறகு உள்ளே உள்ளே. முழுதாக இறுக ஒரு கோடை பிடிக்கும். அந்தக் கோடை முழுவதும் அவருக்கு எல்லாம் கேட்கும் என்பது விதி. சொற்களை வாங்கிக்கொள்ளத்தான் முடியாது.

அப்படியானால் அவரைக் கொல்ல முடியும், இல்லையா?

முடியும். பன்னிரண்டு வயது மருமகன் ஒருவன் முதல் நாளிலேயே இதைக் கேட்டுவிட்டு மண்வெட்டி வாங்கப் போனான். கதையில் பணம் இல்லாததால் திரும்பி வந்தான்.

உவர்நாட்டு வரலாற்றில் ஒரே ஒரு முறை அது நடந்திருக்கிறது. ஒரு வணிகர் மூன்று ஊருணிகளை வற்றவைத்து, மூன்று கிடையரையும் அறுத்தெடுத்து, அந்தக் கல்லாலேயே வீடு கட்டினார். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்ட வீடு. கடுக்காய் நீரும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசி, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தார்கள். கிரகப்பிரவேசத்தன்று ஆள் ஆளாகச் சொற்கள் மறந்துபோயின. சமையற்காரருக்குக் கரண்டியின் பெயர் வரவில்லை. மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தன் ஆயாவை, அதாவது பாட்டியை, எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. கிடையர் இல்லாத ஊரில் மறந்த சொல் போய்ச் சேர இடமில்லை. சேர இடமில்லாத சொல் அடுத்த சொல்லையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. 84 பங்காளிகளுக்கு அதில் உரிமை. ஆண்டுக்கொரு முறை படைப்புக்கு மட்டும் திறப்பார்கள். செட்டிநாட்டில் படைப்பு என்றால் முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடுவது. அதே சொல்லுக்குப் புதிதாக ஒன்றை ஆக்குவது என்றும் பொருள் இருப்பது என் அதிர்ஷ்டம். உவர்நாட்டில் அன்று இலை போட்டுவிட்டு, எந்த முன்னோருக்கு என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறார்கள்.

இந்தக் காட்சியை ஆடியபோது என் பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கோபமோ என்று பயந்தேன். சிறிது நேரத்தில் ஒரு பழைய பனையோலைக் கொட்டானை எடுத்துவந்து நடுவில் வைத்து, "இதன் மூடியை எங்கள் ஆயா ஒரு பெயர் சொல்லி அழைப்பார்கள்" என்றார். எங்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. பெரியம்மாவுக்கும் அன்று கடைசிவரை நினைவு வரவில்லை.

கிடையர் தெய்வமா? ஐயனார், கருப்பர் போலவா?

இல்லை. இந்த விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். ஐயனாரும் கருப்பரும் இங்கே உயிரோடு கும்பிடப்படுகிறவர்கள், அவர்களை என் ஆட்டத்துக்குள் இழுக்க எனக்கு உரிமையும் கிடையாது, துணிச்சலும் கிடையாது. காவல் தெய்வம் ஊரைக் காக்கும், குதிரையேறி எல்லையைச் சுற்றும், தப்பு செய்தவனைக் கேட்கும். கிடையர் யாரையும் காப்பதில்லை, தண்டிப்பதும் இல்லை. வேண்டுதலுக்கு அங்கே பதில் வராது.

ஆனால் ஐயனாருக்கு மண்குதிரை வைக்கும் புரவியெடுப்புத் திருவிழாவிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திருவிழாவுக்கு முன்பு ஊரார் ஒரு பிடி மண்ணை எடுத்து, மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் கொடுத்தல் என்று பெயர். அதன்பிறகுதான் அவர் குதிரைகளைச் செய்யத் தொடங்குவார். திருவிழா நாளில் குதிரைகளைத் தோளில் சுமந்துபோய்க் கோயிலில் இறக்குவார்கள். அதோடு சரி. போன முறை வைத்த குதிரைக்குக் காது உடைந்திருக்கும், அதற்கு முந்தையதன் கால் மண்ணாகியிருக்கும். யாரும் ஒட்டவைப்பதில்லை. அடுத்த முறை மறுபடியும் பிடிமண். இவ்வளவு பழைய ஒரு வழக்கத்தில் பழைய பொருள் ஒன்றுகூட மிஞ்சாதது எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது.

உவர்நாட்டில் ஒவ்வோர் ஆட்டமும் பிடிமண்ணில் தொடங்குவது அதனால்தான். கொல்லையிலிருந்து உண்மையான மண்ணை எடுத்துவந்து தாம்பாளத்தில் வைப்போம். பாயில் மண் சிந்துகிறது என்று வீட்டில் ஏச்சு விழுந்தாலும் இந்த விதியை மாற்றுவதாக இல்லை.

அவர் பேசுவாரா? அவரிடம் ஒன்றைக் கேட்டு எப்படித் தெரிந்துகொள்வது?

தாயக்கட்டையை உருட்டித்தான். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு முகம்: வெறுமை, 1, 2, 3. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் நம் தாயத்தில் அதற்குப் பன்னிரண்டு. ஒன்றுமில்லாததும் ஒன்றுமில்லாததும் சேர்ந்து ஆட்டத்திலேயே பெரிய எண்ணாகிவிடுகிற அந்த விந்தைக்கு ஈடாக இன்னொரு விதியை என்னால் யோசிக்க முடியவில்லை. ஆகவே பன்னிரண்டு விழுந்தால்தான் கிடையர் பதில் சொல்வார். கணக்குப்படி 16 முறைக்கு ஒரு முறை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரே உருட்டல்.

பதிலும் ஒரே சொல்தான், அதுவும் அவரிடம் சேர்ந்துவிட்ட பழைய சொற்களில் ஒன்று. உப்பு வணிகரை ஏமாற்றியது யார் என்று கேட்டபோது கிடையர் சொன்ன பதில் "உழக்கு". ஆழாக்கு, உழக்கு, நாழி எல்லாம் என்னவென்றே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அது முகத்தலளவை என்று அப்பத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சந்தையிலுள்ள ஒவ்வோர் அளவுப் படியையும் தேடிப்போய், அடியில் மெழுகு ஒட்டிய ஒன்றைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று.

கிடையர் இருக்கும் ஊரில் யாரும் சத்தம் போடமாட்டார்கள் என்று வைத்திருக்கிறீர்கள். ஓர் ஊர் முழுக்க அப்படி நடந்துகொள்ளுமா? நம்பும்படியாக இல்லையே.

திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள், நமது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்தான். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் கூடுகட்டியிருக்கும், வெடித்தால் பறந்துபோய்விடும் என்று ஊரே சேர்ந்து எடுத்த முடிவு. சட்டம் போட்டுக் காவல் நின்று செய்ததில்லை. பிள்ளைகளும் வெடிக்காமல் இருக்கிறார்கள். இதைவிட நம்ப முடியாத எதையும் நான் எழுதவில்லை.

மொத்தம் எத்தனை கிடையர்?

எண்ணக் கூடாது. எண்ணினால் ஒருவர் குறைவார், ஏனென்றால் எண்ணுகிறவர் தம் காலடியில் இருப்பவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நகரத்தாரின் குலப்பிரிவுகளுக்குரிய நகரக் கோயில்கள் ஒன்பது என்பதால் கிடையரும் ஒன்பது பேர்தானே என்று சிலர் கேட்டார்கள். தொடர்பில்லை.

ஆட்டுக் கிடைக்கும் கிடையருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆடுகளை அடைத்துவைத்தால் நிலம் உரம் ஏறும், அதைத்தான் கிடை போடுவது என்கிறோம். ஆடுகள் ஒன்றும் செய்வதில்லை, சும்மா கிடக்கின்றன. காலையில் நிலம் மாறியிருக்கிறது. கீதாரி வேடக்காரருக்கு மட்டும் கிடையரைப் பற்றி இரண்டு தகவல் கூடுதலாகத் தெரியும். என்ன தகவல் என்பதை ஆட்டத்தில் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் பயப்படமாட்டார்களா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். இருட்டியபிறகு ஆட வேண்டாம் என்றுகூட விதி வைத்தேன். போன கோடையில் ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரம், தம்பியின் மகள் பட்டாலைத் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தாள். ஏழு வயது. ஆத்தங்குடிக் கல் அந்த வெயிலிலும் சில்லென்று இருக்கும், அதற்காகப் படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்து, "பெரியப்பா, அவர் தூங்கவில்லை. நாம் பேசி முடிக்கட்டும் என்று இருக்கிறார்" என்றாள்.

அதுவரை குறிப்பேட்டில் "கிடையர் உறங்குகிறார்" என்றுதான் இருந்தது. அன்றைக்கே அடித்துவிட்டு அவள் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

ஊருணியைத் தூர்த்து மனை போட்டுவிட்டால் கிடையர் என்ன ஆவார்?

இந்த ஆண்டு வந்த கேள்வி இது. கேட்டவர் மனை வாங்கி விற்கும் தொழிலில் இருக்கும் உறவினர், ஆகவே கொஞ்சம் யோசித்தே பதில் எழுதுகிறேன்.

கூரையில் விழும் மழை வளவுக்குள் இறங்கி, வாய்க்காலில் ஓடி, தெருவைக் கடந்து ஊருணியில் சேரும்படிதான் இந்த ஊர்களைக் கட்டினார்கள். உவர்நாட்டிலும் அதே அமைப்பு. ஊருணியை மூடிவிட்டாலும் வாய்க்கால் இருக்கும்வரை ஈரம் கீழே போய்க்கொண்டே இருக்கும். கிடையர் கல்லாவதில்லை. மேலே வீடு இருக்கிறது என்பதும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. சொற்கள் மட்டும் இப்போது அந்த வீட்டு அறைகளின் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். கூடத்துச் சாந்து நனைந்து, சுவரில் ஒரு வட்டம் தோன்றும். வெள்ளையடித்தால் மறையும். அடுத்த வாரம் வேறோர் இடத்தில் வரும்.

உறவினர் இதைக் கேட்டுவிட்டு, நீர்க்கசிவுக்கு நல்ல பூச்சு வந்திருக்கிறது என்றார். அதையும் குறிப்பேட்டில் சேர்த்திருக்கிறேன். வரும் மே மாதம் அவருக்கு வணிகர் வேடம்.